பாகவதரை விடாத கேள்வி: லட்சுமிகாந்தனைக் கொன்றது யார்?

லாயாங் லாயாங், நவ. 1 – தமிழ்த் திரையுலகின் முதல் உச்ச நட்சத்திரமான எம்.கே.தியாகராஜ பாகவதர் காலமான நாள் இன்று. 1959ஆம் ஆண்டு இதே தேதியில் சென்னை பொது மருத்துவமனையில் அவர் உயிர் பிரிந்தது. அப்போது அவருக்கு வயது 49.

லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங் வட்டாரத் தோட்டங்களில் கித்தா வெட்டி வளர்ந்த தலைமுறைக்குப் பாகவதர் என்றால் முதலில் அந்தக் குரல், அடுத்தது லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. பாட்டைப் பற்றிப் பேசினால் எல்லாரும் ஒரே கட்சி. வழக்கைப் பற்றிப் பேசினால் ஆளுக்கொரு கொலையாளி கிடைத்துவிடுவார். பாகவதரே ஆள் வைத்துச் செய்தார் என்பது ஒருவர் தீர்ப்பு. வெள்ளைக்காரன் மாட்டிவிட்டான் என்பது இன்னொருவர் தீர்ப்பு. வேறு யாரோ ஒரு பணக்காரர் தப்பித்துக்கொண்டார் என்பது மூன்றாமவர் தீர்ப்பு. சம்பவம் நடந்து 80 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நீதிமன்றம் 1947லேயே பாகவதரை விடுவித்துவிட்டது. ஊர்ப் பேச்சு மட்டும் அவரை இன்னும் கூண்டில்தான் நிறுத்தி வைத்திருக்கிறது.

அந்தப் பேச்சுக்குள் போகுமுன் அவர் யார் என்பதை இளையோருக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தியாகராஜன் 1910 மார்ச் 1ஆம் தேதி மாயவரத்தில் பிறந்தார். இன்று அந்த ஊருக்கு மயிலாடுதுறை என்று பெயர். பொற்கொல்லர் குடும்பம். பிறகு குடும்பம் திருச்சிக்குக் குடிபெயர்ந்தது. பையனுக்குப் படிப்பிலும் மனம் ஒட்டவில்லை, குலத்தொழிலிலும் ஒட்டவில்லை. எங்கே பாட்டுக் கேட்கிறதோ அங்கே போய் நின்றுவிடுவார். தந்தை கண்டித்ததும் ஒருநாள் வீட்டை விட்டே ஓடிவிட்டார். தேடிப் போன தந்தை, தெலுங்கு பேசும் கடப்பையில் ஒரு கூட்டத்தின் நடுவே மகன் பாடிக்கொண்டிருப்பதைக் கண்டார் என்பது அவர் வரலாற்றில் தவறாமல் சொல்லப்படும் செய்தி. திரும்ப அழைத்து வந்த பிறகு பாடுவதை யாரும் தடுக்கவில்லை.

திருச்சியில் அப்போது ரயில்வே அதிகாரியாக இருந்தவர் எஃப்.ஜி.நடேச ஐயர். உத்தியோகம் ரயில்வே, உயிர் நாடகம். தம்முடைய சபாவில் அரிச்சந்திரா நாடகம் போட்டபோது லோகிதாசன் வேடத்துக்கு இந்தப் பையனைப் பிடித்தார். அப்போது அவனுக்கு வயது பத்து. அதன் பிறகு மதுரை பொன்னு ஐயங்காரிடமும் ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடமும் முறையாகச் சங்கீதம் கற்றார். அரங்கேற்றக் கச்சேரியில் வாசித்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை, லயத்தில் அந்தக் காலத்துச் சக்கரவர்த்தி. அவர் வாயால் கிடைத்த பட்டம்தான் பாகவதர். அத்தனை பெரிய வித்துவான் ஓர் இளைஞனைப் பாகவதர் என்று அழைத்தால் ஊர் மாற்றிச் சொல்லுமா?

நாடக மேடையில் அவருக்குப் பெயர் தந்த பவளக்கொடி, 1934இல் கே.சுப்பிரமணியம் இயக்கத்தில் படமானது. ஏறக்குறைய 50 பாடல்கள். இன்றைய பிள்ளைகளுக்கு இது கேலியாகத் தோன்றலாம். அன்று ஜனங்கள் வந்ததே அதற்குத்தான். 1937இல் வந்த சிந்தாமணி ஓராண்டுக்கு மேல் ஓடியது. அந்த லாபத்தில் மதுரையில் ஒரு திரையரங்கே கட்டி அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். அதே ஆண்டு அம்பிகாபதி, 1939இல் திருநீலகண்டர், 1941இல் அசோக் குமார், 1943இல் சிவகவி. பாபநாசம் சிவன் பாட்டெழுத, ஜி.ராமநாதன் இசை சேர்க்க, பாகவதர் பாட என்று மூவரும் கூடிய படங்கள் தனி வகை. தோளில் புரளும் அவர் முடியைப் பார்த்து ஊரெல்லாம் பாகவதர் கிராப்பு வைத்துக்கொண்டது. பட்டு ஜிப்பா, காதில் வைரக் கடுக்கன், நெற்றியில் பொட்டு. ரயில் நிலையத்தில் அவர் இறங்குகிறார் என்று தெரிந்தால் நடைமேடையில் கால் வைக்க இடம் இருக்காது.

1944 தீபாவளிக்கு ஹரிதாஸ் வெளியானது. சென்னை பிராட்வே திரையரங்கில் அது 1944, 1945, 1946 என மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தச் சாதனையைச் சொல்பவர்கள் அதோடு சேர்த்துச் சொல்ல மறந்துவிடும் ஒரு விவரம் உண்டு. படம் ஓடிய இரண்டு ஆண்டுகளில் பெரும்பகுதி அதன் நாயகன் சிறையில் இருந்தார். உடன் நடித்த நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனும் சிறையில் இருந்தார்.

சிறைக்குப் போன கதை ஒரு பத்திரிகையில் தொடங்குகிறது.

சி.என்.லட்சுமிகாந்தன் முன்னமே போலிப் பத்திர வழக்கில் தண்டனை பெற்று, அந்தமான் வரை போய் வந்தவர். வெளியே வந்ததும் சினிமா தூது என்றொரு வார இதழ் தொடங்கினார். நடிகர் நடிகையரின் அந்தரங்கம்தான் அதன் சரக்கு. எது உண்மை, எது புளுகு என்று பிரிக்க முடியாதபடி கலந்து எழுதினார். எழுதாமல் இருக்கப் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதும் அன்று ஊரறிந்த செய்தி. இதழ் பரபரவென்று விற்றது. வாங்கிப் படித்தவர்கள் வேறு யாருமல்ல, பாகவதர் படத்துக்கு முதல் நாள் வரிசையில் நின்ற அதே ரசிகர்கள்தான்.

பொறுக்க முடியாத நிலையில் பாகவதர், என்.எஸ்.கிருஷ்ணன், சிவகவி படத்தின் இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகிய மூவரும் சென்னை ஆளுநர் ஆர்தர் ஹோப்பிடம் முறையிட்டனர். உலகப் போர்க் காலம். பத்திரிகை நடத்த அரசு உரிமம் வேண்டும். சினிமா தூதுவின் உரிமம் ரத்தானது. லட்சுமிகாந்தன் அடங்கவில்லை. இந்து நேசன் என்ற இதழைக் கைக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். (பெயர் ஒத்திருப்பதால் நம் நாட்டுத் தமிழ் நேசனோடு இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. 1924இல் கோலாலம்பூரில் தோன்றிய தமிழ் நேசனுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.) இம்முறை சினிமாக்காரர்கள் மட்டுமல்ல, வியாபாரிகளும் ஊர்ப் பெரிய மனிதர்களும் அவர் பேனாவுக்கு இரையானார்கள்.

1944 நவம்பர் 8ஆம் தேதி. ஹரிதாஸ் வெளியாகி மூன்று வாரம் கடந்திருந்தது. வேப்பேரியில் இருந்த வழக்கறிஞர் நண்பரைப் பார்த்துவிட்டு லட்சுமிகாந்தன் ரிக்ஷாவில் புரசைவாக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். வழியில் மறித்துக் கத்தியால் குத்தினார்கள். காயத்தோடு அவர் மருத்துவமனை போய்ச் சேர்ந்தார். பேசும் நிலையில்தான் இருந்தார். ஆனால் மறுநாள் 9ஆம் தேதி விடியற்காலையில் உயிர் போய்விட்டது.

அந்த ஆண்டு முடிவதற்குள் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். ஸ்ரீராமுலு நாயுடுவும் வேறு சிலரும் உடன் சேர்க்கப்பட்டனர். கத்தி எடுத்தது அவர்கள் என்று போலீஸ் சொல்லவில்லை. பின்னால் இருந்து சதி செய்து ஆள் ஏவினார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

இதே மாதங்களில் மலாயா எப்படி இருந்தது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து இங்கே ஜப்பானியர் ஆட்சி. நாகப்பட்டினத்துக்குக் கப்பல் கிடையாது. கடிதம் கிடையாது. ஊரிலிருந்து படம் வர வழியில்லை. தோட்டத்து ஆண்கள் ஆயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டார்கள். லயத்து வீடுகளில் மரவள்ளிக்கிழங்கு அவித்துப் பசியாறிக்கொண்டிருந்த ஜனங்களுக்கு, சென்னையில் எந்தப் பத்திரிகைக்காரனை யார் குத்தினார்கள் என்பது எட்டாத செய்தி. 1945 செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி, கப்பல்கள் மெல்ல ஓடத் தொடங்கியபோது, பாகவதர் ஏற்கெனவே தண்டனைக் கைதி. போருக்கு முன் ராஜகுமாரனாகப் பார்த்த மனிதரை மலாயாத் தமிழர்கள் அடுத்துக் கேள்விப்பட்டது கொலை வழக்குக் குற்றவாளியாகத்தான். கைது, விசாரணை, சாட்சியம் என்று நாளுக்கு நாள் நாளிதழில் படித்துவரும் வாய்ப்பு இங்கே யாருக்கும் கிட்டவில்லை. முடிவுதான் முதலில் வந்தது. நடுவில் நடந்ததைக் கப்பலில் வந்தவர்களும் சொந்தக்காரர்களும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி நிரப்பினார்கள். இங்கே இந்த வழக்கைச் சுற்றி இத்தனை கதை வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

நடுவில் நடந்தது இதுதான்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி மாக்கெட் முன் விசாரணை நடந்தது. ஒன்பது பேர் கொண்ட ஜூரி உட்கார்ந்தது. ஜூரி முறை தெரியாத இளையோருக்கு ஒரு விளக்கம்: சட்டம் படிக்காத பொதுமக்கள் சிலரைத் தேர்ந்தெடுத்து, சாட்சிகளைக் கேட்க வைத்து, குற்றவாளியா இல்லையா என்று அவர்களிடமே முடிவு கேட்பது. மலேசியாவிலும் மரண தண்டனைக்குரிய வழக்குகளில் இந்த முறை இருந்து, 1995 தொடக்கத்தில் நீங்கியது.

அரசுத் தரப்பு பெரிதும் நம்பியது அப்ரூவர் சாட்சியத்தை. குற்றத்தில் தானும் கூட்டு என்று ஒப்புக்கொண்டு, மன்னிப்புக்குப் பதிலாக மற்றவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் அப்ரூவர். அப்படிப்பட்டவரின் சொல்லை எந்த அளவு நம்பலாம் என்பது இந்த வழக்கின் அடிமடியில் இருந்த கேள்வி. அன்றைய இந்தியச் சான்றுச் சட்டம் அதில் இரண்டு பக்கமும் பேசியது. கூட்டாளியின் சாட்சியத்தை மட்டும் வைத்துத் தண்டித்தாலும் அது சட்டவிரோதமாகாது என்றது ஒரு பிரிவு. வேறு ஆதாரம் துணை நிற்காதவரை கூட்டாளியை நம்பத்தகாதவராகவே நீதிமன்றம் கருதலாம் என்றது இன்னொரு பிரிவு. நம் நாட்டின் 1950ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டம் அதே இந்தியச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டதுதான். அந்த 114, 133 பிரிவுகள் எண் கூட மாறாமல் இங்கேயும் இருக்கின்றன.

1945 மே மாதம் ஜூரி முடிவு சொன்னது. பாகவதரும் கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்றவர்கள் ஆறு பேர். இல்லை என்றவர்கள் மூன்று பேர். ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். மற்ற இரு கலைஞர்களுக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றத்தில் செய்த மேல்முறையீடும் அந்த ஆண்டே தள்ளுபடியானது.

கடைசி வாசல் லண்டன் பிரிவி கவுன்சில். யார் கொன்றது என்று அங்கே யாரும் ஆராயவில்லை. மேல்முறையீட்டைச் சென்னை நீதிமன்றம் விசாரித்த முறை சட்டப்படி சரியில்லை, மறுபடி கேளுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். இம்முறை நீதிபதிகள் ஹாப்பெல், ஷகாபுதீன் இருவர் முன் வழக்கு வந்தது. வி.எல்.எத்திராஜ் வாதாடினார். பெண்களுக்கான எத்திராஜ் கல்லூரியை மறுவருடம் சென்னையில் தோற்றுவித்தவர் இவரே. அப்ரூவர் சொல்லை வைத்து இவர்களைத் தண்டிக்க முடியாது என்று முடிவானது. 1947 ஏப்ரல் 25ஆம் தேதி பாகவதரும் கிருஷ்ணனும் வெளியே வந்தார்கள். ஏறக்குறைய 30 மாதம் கழிந்திருந்தது.

யார் ஏவியது என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பு விடை சொல்லவில்லை. சொல்வது அதன் வேலையும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஊர்த் துப்பறிவாளர்கள் இன்றுவரை குடியிருக்கிறார்கள். அவர்கள் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை.

எல்லாவற்றிலும் பழையது, கொலையால் யாருக்கு லாபமோ அவரே செய்திருப்பார் என்ற கணக்கு. பாகவதரும் கிருஷ்ணனும் ஆளுநர் வரை போனவர்கள், ஆகவே அவர்கள்தான் என்று இந்தக் கணக்கு முடியும். இதில் ஓர் ஓட்டை இருக்கிறது. லட்சுமிகாந்தன் எழுதியதால் அவமானப்பட்டவர்களின் பட்டியல் நீளமானது. அவர் செத்தால் நிம்மதி என்று நினைக்கக் காரணம் உள்ளவர்கள் சென்னையில் தெருவுக்கு ஒருவர் இருந்திருப்பார்கள். அத்தனை பேருக்கும் பொருந்தும் சட்டையை இரண்டு பேருக்கு மட்டும் மாட்டிவிட முடியாது. மேலும் பாகவதர் தரப்பு தங்கள் கோபத்தை ஒளித்து வைக்கவில்லை. ஆளுநரிடம் எழுத்து மூலம் முறையிட்டு, சட்ட வழியில் ஒரு தடவை வென்றும் இருந்தார்கள். வென்றவர்கள் ஏன் கத்தியைத் தேட வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. முதல் வெற்றி பலிக்காததால்தான் என்று அதற்குப் பதில் சொல்பவர்களும் உண்டு. இரண்டும் ஊகம். இரண்டில் எதையும் நீதிமன்றத்தில் ஆதாரமாக நீட்ட முடியாது.

அடுத்தது போட் மெயில் கதை. சென்னை எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக்குப் போய், இலங்கைக் கப்பலோடு அன்று இணைந்த ரயிலுக்கு அந்தப் பெயர். அதில் நடந்த ஒரு கொலையின் இரகசியம் லட்சுமிகாந்தனுக்குத் தெரியும், அதை அச்சிடப் போகிறார் என்று தெரிந்ததும் சம்பந்தப்பட்டவர்கள் முந்திக்கொண்டார்கள் என்று போகிறது கதை. பாகவதர் ரசிகர்களுக்கு இது மிகவும் பிடித்த கதை. ஆனால் நினைத்துப் பாருங்கள். பாகவதரைக் காப்பாற்ற, விசாரிக்கப்படாத வேறு யாரோ ஒருவர் மீது கொலைப்பழியைத் தூக்கிப் போடுகிறது. பாகவதருக்கு நடந்த அநியாயம் எதுவோ அதையே இன்னொருவருக்குச் செய்துவிட்டு நியாயம் கிடைத்ததாக மகிழ்கிறது.

மூன்றாவது, வெள்ளைக்காரன் சதி. தமிழனின் புகழ் பொறுக்காமல் அரசே ஜோடித்த வழக்கு என்பது. தோட்டத்தில் துரை ஆட்சியைக் கண்டவர்களுக்கு இது எளிதில் ஒட்டும். ஆனால் போர் நிதிக்குக் கச்சேரி செய்து கொடுத்தவர் பாகவதர். அவர் முறையீட்டைக் கேட்டு லட்சுமிகாந்தன் இதழின் உரிமத்தை எடுத்ததும் வெள்ளைக்கார ஆளுநரின் அரசுதான். வழக்கைத் திறந்துவிட்டதும் லண்டன் மன்றம். விடுதலை செய்த இருவரில் ஒருவர் ஆங்கிலேய நீதிபதி. சதி என்றால் இத்தனை இடத்தில் ஓட்டை விட்ட சதியாக இருக்கிறது.

கர்மவினைக் கதையும் ஒன்று உண்டு. அது துப்பறிதல் அல்ல, சாபம் தேடுவது. ஹரிதாஸ் படத்தில் பாகவதர் ஏற்ற பாத்திரம் செருக்கால் பெற்றோரை வதைத்து, கால்களை இழந்து, பிறகு திருந்துகிறது. படம் வெளியான மூன்று வாரத்தில் கொலை. லட்சுமிகாந்தன் இறந்தது சென்னை பொது மருத்துவமனையில், நவம்பர் மாதத்தில். 15 ஆண்டு கழித்துப் பாகவதர் இறந்ததும் அதே மருத்துவமனையில், அதே மாதத்தில். தேதிகள் மெய்தான். அன்று சென்னையில் கடும் நோயாளிகளையும் காயம்பட்டவர்களையும் கொண்டு போகும் பெரிய ஆஸ்பத்திரி அது என்பதும் மெய். ஆயிரமாயிரம் பேர் இறந்த கட்டடத்தில் இரண்டு பேரை மட்டும் எடுத்துக் கோத்தால் எந்தக் கதையும் கிடைக்கும்.

இத்தனை வாதங்களிலும் காணாமல் போகும் ஒருவர் இருக்கிறார். அவர் லட்சுமிகாந்தன். அவருடைய பேனா பல குடும்பங்களைக் கலைத்தது என்பதில் ஐயமில்லை. அவரைப் பாராட்ட ஒன்றும் இல்லை. ஆனாலும் தெருவில் குத்திக் கொல்லப்பட்டவர் அவர். கொலையாளியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள், கொல்லப்பட்டவருக்கு நியாயம் கிடைக்கவில்லையே என்று ஒரு வார்த்தை சொல்லிக் கேட்பது அரிது. பாகவதர் குற்றவாளியா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்கு அவர் ஒரு தலைப்பாக மட்டும் எஞ்சிவிட்டார்.

ஜூரி எண்ணிக்கையும் யோசிக்க வேண்டிய ஒன்று. எல்லாச் சாட்சிகளையும் நேரில் பார்த்து, குறுக்கு விசாரணையைக் காதால் கேட்ட ஒன்பது பேரில் மூன்று பேர் நம்பவில்லை. ஒரு நாள் கூட அந்த அறைக்குள் உட்காராதவர்கள் 80 ஆண்டு தள்ளி நின்று அடித்துச் சொல்கிறார்கள்.

விடுதலைக்குப் பிறகு இருவர் வாழ்க்கையும் ஒரே மாதிரி போகவில்லை. கிருஷ்ணன் உள்ளே இருந்தபோது மனைவி டி.ஏ.மதுரமும் எஸ்.வி.சகஸ்ரநாமமும் குழுவைக் கலையாமல் காத்தார்கள். வழக்குச் செலவுக்காக எடுத்த பைத்தியக்காரன் படத்தில் கிருஷ்ணன் வெளியே வந்ததும் சேர்ந்துகொண்டார். பிறகு நல்லதம்பி, மணமகள் என்று எழுந்து நின்றார். சிரிக்க வைக்கும் மனிதரை ஜனங்கள் சீக்கிரம் திரும்ப ஏற்றுக்கொண்டார்கள்.

பாகவதருக்கு அப்படி நடக்கவில்லை. கைதான நேரத்தில் அவர் பல படங்களுக்கு ஒப்பந்தமாகியிருந்தார். அவை கைவிட்டுப் போயின. அவருக்காக வைத்திருந்த ஸ்ரீ முருகன் படம் ஹொன்னப்ப பாகவதரை வைத்து முடிக்கப்பட்டது. 1948இல் புதுமைப்பித்தன் எழுதிய ராஜமுக்தி வந்தது. ஓடவில்லை. 1952இல் அமரகவி, சியாமளா. 1957இல் தாமே இயக்கிய புது வாழ்வு. பெயருக்கு ஏற்றபடி எதுவும் நடக்கவில்லை. சிறைக்கு முன் ஒன்பது படம் நடித்து நாட்டை ஆண்டவர், சிறைக்குப் பின் நடித்தவற்றில் ஒன்றிலும் அந்தப் பழைய கூட்டத்தைப் பார்க்கவில்லை.

வழக்குதான் அவரை வீழ்த்தியது என்று ஒரே வரியில் முடித்துவிடுவது வழக்கம். அது பாதி உண்மை. அந்த மூன்று ஆண்டுகளில் சினிமாவே மாறிக்கொண்டிருந்தது. 50 பாட்டு கேட்க வந்தவர்கள் வசனம் கேட்க வரத் தொடங்கினார்கள். அசோக் குமாரில் சிறு வேடம் ஏற்ற எம்.ஜி.ஆர். நாயகனானார். 1952இல் பராசக்தி வந்த பிறகு பாடும் நாயகனின் காலம் முடிந்தது. பாகவதர் வெளியிலேயே இருந்திருந்தாலும் இந்த அலையைத் தாண்டியிருப்பாரா என்பது சந்தேகம். ஆனால் வெளியில் இருந்திருந்தால் புகழோடு ஒதுங்கியிருக்கலாம். விடுதலை பெற்றும் சந்தேகம் தீராத மனிதராக ஒதுங்க வேண்டி வந்ததுதான் வழக்கு செய்த வேலை.

துணை வேடங்களுக்கு அவர் இறங்கவில்லை. 1957இல் சிவாஜி கணேசன் நடிப்பில் அம்பிகாபதி மீண்டும் எடுக்கப்பட்டபோது கம்பர் வேடத்துக்குக் கேட்டும் அவர் ஏற்கவில்லை என்று திரையுலகில் சொல்வார்கள். 20 ஆண்டுக்கு முன் அதே கதையின் நாயகன் அவர்தானே.

கச்சேரியை மட்டும் விடவில்லை. கோயில் திருவிழா, கல்யாணம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போய்ப் பாடினார். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உடலை அரித்துக்கொண்டிருந்தன. பார்வையும் குறைந்தது. கோயிலில் உட்கார்ந்திருந்த அவரை அடையாளம் தெரியாமல் யாரோ காசு போட்டுவிட்டுப் போனார் என்ற கதையும் இங்கே தோட்டம் தோட்டமாகச் சொல்லப்பட்டது. தங்கத்தட்டில் சாப்பிட்டவர் பிச்சைக்காரரானார் என்று அதை முடிப்பார்கள். கடைசி மாதம் வரை மேடையேறிப் பாடிக்கொண்டிருந்த மனிதருக்கு அந்த முடிவு பொருந்தவில்லை.

1959 அக்டோபரில் பொள்ளாச்சியில் கச்சேரி. அங்கே ஒருவர் நீரிழிவு தீரும் என்று சொல்லி மூலிகைச் சாறு கொடுத்ததாகவும், அதைக் குடித்த பின் உடல் மோசமானதாகவும் சொல்லப்படுகிறது. அக்டோபர் 22ஆம் தேதி சென்னை பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். பத்து நாள் கழித்து நவம்பர் 1ஆம் தேதி மாலை இறந்தார். சாறு கொடுத்தவர் யார், ஏன் கொடுத்தார் என்று அதற்கும் உடனே ஊகங்கள் கிளம்பின. நெடுநாள் நீரிழிவுக்காரர் ஒருவரின் உடல் எப்படியெல்லாம் கைவிடும் என்பது, வீட்டுக்கு ஒருவர் இனிப்பு நீர் மாத்திரை போடும் நம் சமூகத்துக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. கொலை தேடுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

உடல் திருச்சிக்குக் கொண்டு போகப்பட்டது. பையனாக லோகிதாசன் வேடம் போட்ட ஊர் அது. அங்கேயே இறுதிச் சடங்கு நடந்தது.

அவர் நடித்து முடித்திருந்த சிவகாமி மறு ஆண்டு, 1960இல், திரைக்கு வந்தது. அவர் நடித்த 14 படங்களில் அதுவே கடைசி.